கருத்தியல் வகுப்பும் இடைமுகமும்

சொற்களை இனம் பிரித்து, ஒவ்வோரினத்திற்கும் உரிய இயல்பு இன்னதென வரையறுத்தல் இலக்கண நூலாரின் தொன்றுதொட்ட தொழில். இக்காலத்தே கணினிக்கு நிரல் எழுதுவோரும் அதனையொத்த தொழிலையே மேற்கொண்டுள்ளனர். நார்வே நாட்டினரான டால், நைகார்ட் என்னும் இருவர் இயற்றிய சிமுலா 67 என்னும் நிரல்மொழி, பொருள்களை வகுப்புக்களாக அமைக்கும் முறைக்கு வித்திட்டது. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த ஜாவா என்னும் மொழியில் அவ்வகுப்புக்களை ஒழுங்குபடுத்தற்கு இரு கருவிகள் உள. ஒன்று அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ், மற்றொன்று இன்டர்பேஸ். முன்னதைக் கருத்தியல் வகுப்பு என்றும், பின்னதை இடைமுகம் என்றும் ஈண்டு வழங்குவாம். பயில்வோர்க்கு இவை ஒன்றுபோலத் தோன்றி மயக்கந் தருவன. இவற்றின் வேறுபாட்டைத் தமிழ்ச் சொற்களைக் கொண்டே ஆராய்வாம்.

மதுரையினின்று புறப்படும் பேருந்துகள் எவ்வூர்க்குச் செல்லும் என்பதனைக் கணினி தானே தமிழில் எழுதிக் காட்டவேண்டும் எனக் கொள்க. 'மேலூர்' என்பது 'மேலூருக்கு' என்றாகும். 'வாடிப்பட்டி' என்பது 'வாடிப்பட்டிக்கு' என்றாகும். 'திருமங்கலம்' என்பதோ அத்துச்சாரியை பெற்றுத் 'திருமங்கலத்துக்கு' என நிற்கும். எப்பெயர்க்கும் 'க்கு' என்பதனை வாளா ஒட்டிவிடும் நிரல் 'திருமங்கலம்க்கு' என எழுதிவிடும். இத்தகைய பிழைகள் கைப்பேசித் திரைகளில் அரியன அல்ல. இவற்றை நீக்கும் வழி, நிரலைச் சொல்லின் இயல்பறிந்து வகுத்தலேயாம்.

இதற்குப் 'பெயர்ச்சொல்' என்னும் கருத்தியல் வகுப்பு ஒன்றை முதற்கண் அமைப்போம். மேலூர், திருமங்கலம் எனப் பெயர்கள் பலவாக உளவேயன்றி, வெறும் 'பெயர்ச்சொல்' எனத் தனித்து நிற்கும் சொல் யாண்டும் இல்லை. அதுபோலக் கருத்தியல் வகுப்பினின்று நேரே ஒரு பொருளைப் படைத்தல் இயலாது. அதன் வழித்தோன்றல்களினின்றே படைத்தல் கூடும். எனினும் அது வெறுமையானதன்று. சொல்லின் எழுத்துருவைத் தன்பாற் சேமித்துவைத்தல், அடியோடு உருபைப் புணர்த்தல் ஆகிய பொதுச் செயல்களை அஃது ஒருமுறை எழுதி, வழித்தோன்றல் அனைத்திற்கும் உரிமையாக்கும். 'உருபேற்குங்கால் அடி எவ்வாறு திரியும்?' என்னும் ஒன்றைமட்டும் எழுதாது விட்டு, அதனை வழித்தோன்றலே நிரப்புமாறு கட்டளையிடும். மகரவீற்று வகுப்பு 'திருமங்கலத்து' எனவும், 'வைகையாறு' போல்வனவற்றின் வகுப்பு 'வைகையாற்று' எனவும் நிரப்பும். பொதுவிதியில் திருத்தம் நேரின், ஓரிடத்தில் திருத்துதலே அமையும்.

இவ்வாறே 'வினைச்சொல்' என மற்றொரு கருத்தியல் வகுப்பை அமைத்துக் காலங்காட்டும் செயலை அதன்கண் வைப்போம். இனி ஒரு சிக்கல் எழுகின்றது. வினை காலத்தொடு தோன்றும், வேற்றுமை கொள்ளாது என்பது தொல்காப்பியர் வகுத்த இலக்கணம். ஆயின் 'வந்தவர்' என்னும் வினையாலணையும் பெயர் காலமுங் காட்டும். 'வந்தவரை', 'வந்தவருக்கு' என வேற்றுமையும் ஏற்கும். இதனை எவ்வகுப்பின் வழித்தோன்றலாக வைப்பது? பெயரின்கீழ் வைப்பின் காலம் இழக்கும். வினையின்கீழ் வைப்பின் வேற்றுமை இழக்கும். இரண்டிற்கும் உரியதாக்கலாமெனின், ஜாவாவில் ஒரு வகுப்பிற்குத் தாய் வகுப்பு ஒன்றே இருத்தல் கூடும். சி பிளஸ் பிளஸ் என்னும் மொழி பல தாய் வகுப்புக்களை ஏற்கும். ஆயின் இரு தாயரும் ஒரே பெயருடைய செயலை வெவ்வேறு வகையாக எழுதியிருப்பின், எதனைப் பின்பற்றுவது என்னும் மயக்கம் நேரும்.

இவ்விடத்தே உதவுவது இடைமுகம். 'வேற்றுமை ஏற்பது' என ஓர் இடைமுகத்தை அமைப்போம். அது பிறப்பைக் கூறாது. இன்ன உருபைத் தரின் இன்ன வடிவைத் தருவேன் என்னும் உடன்படிக்கையை மட்டுமே கூறும். பொருளுக்குப் பொருள் வேறுபடும் நிலையைச் சேமித்தற்கு அதன்கண் இடமில்லை. ஒரு வகுப்பு எத்துணை இடைமுகங்களுக்கும் உடன்படலாம். 'வந்தவர்' வினையடியாகப் பிறந்ததாகலின் வினைச்சொல்லின் வழித்தோன்றலாக நின்று, 'வேற்றுமை ஏற்பது' என்பதற்கும் உடன்படும். தன்னுள் 'அவர்' என்னும் பெயர்ப்பொருளை வைத்து, உருபேற்கும் வேலையை அதனிடம் ஒப்படைத்தலும் கூடும். 'கண்டேன்' என்பதற்குச் செயப்படுபொருள் தேடும் நிரலோ, வருவது பெயரா வினையா என ஆராயாது, வேற்றுமை ஏற்குமா என்று மட்டும் வினவும். 'ஆசிரியரைக் கண்டேன்', 'வந்தவரைக் கண்டேன்' என்னும் இரண்டும் அதற்கு ஒக்கும்.

உடன்படிக்கைக்கும் ஓர் இடர் உண்டு. இடைமுகத்தில் பின்னர் ஒரு செயலைச் சேர்ப்பின், முன்னர் உடன்பட்ட வகுப்புக்கள் யாவும் அதனை எழுதியாதல் வேண்டும். எழுதாதன மீண்டும் தொகுக்கப்படுங்கால் பிழையாய் நிற்கும். இவ்விடர் கருதியே 2014ஆம் ஆண்டில் ஜாவாவின் எட்டாம் பதிப்பு, இடைமுகத்தினுள்ளும் இயல்பான செயலுடல் எழுத இடந்தந்தது. அதன்பின் இவ்விரண்டும் நெருங்கினவெனினும், நிலையைச் சேமிக்கும் உரிமையும், ஒரு தாய் என்னும் வரம்பும் இன்றும் இவற்றைப் பிரிக்கின்றன.

வேற்றுமையை ஏழென எண்ணிப் பின் விளியோடு எட்டென்ற தொல்காப்பியர், விளிகொள்ளாப் பெயர்களையும் விளிமரபில் எடுத்தோதினார். 'அவன்' போன்ற சுட்டுப்பெயர்கள் விளி ஏலா. ஆகலின் விளியை முன்னைய உடன்படிக்கையிற் புகுத்தாது, 'விளி ஏற்பது' எனத் தனி இடைமுகமாக்குதலே தக்கது. ஏற்கவியலாத கடமையை எவ்வகுப்பின்மேலும் சுமத்தலாகாது.

சுருங்கக் கூறின், 'இஃது எவ்வினத்தது?' என்னும் வினாவிற்கு விடை கருத்தியல் வகுப்பு. 'இஃது யாது செய்யவல்லது?' என்னும் வினாவிற்கு விடை இடைமுகம். பொதுச்செயலும் பொதுநிலையும் பங்கிடப்படவேண்டின் முன்னதைக் கொள்க. பிறப்பால் வேறுபட்டன ஒரு தொழிலில் ஒன்றவேண்டின் பின்னதைக் கொள்க. தமிழைப் பிழையின்றி எழுதும் கணினி வேண்டுமாயின், எச்சொல் எதனை ஏற்கும் என்பதனைச் சொல்லவல்லார் நிரலாளர் பக்கத்தே அமர்தல் வேண்டும். சொல்லதிகாரம் பயிலும் நம்மனோர்க்கு அப்பணி அயலானதன்று.