காலுறைக்கு ஆண், பெண் தெரியுமா?

(இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் பட்டயப் படிப்பு மாணவன், சமயபுரம்)

முன்னுரை

"கவிதை நிறைய வந்திடுச்சு, நீ ஏதாவது மெஷின் சம்பந்தமா எழுதுப்பா" என்று மலர்க் குழு அண்ணன் ஒருவர் கேட்டுக்கொண்டார். அதனால் பின்னல் மெஷினிலிருந்து வரும் ஒரு சாதாரணப் பொருளை எடுத்துக்கொண்டேன். அதுதான் காலுறை. இதில் என்ன பெரிய விஷயம் இருக்கு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் பாடத்தில் வரும் நீர்ம அழுத்தம், இழுவிசை, உற்பத்திச் செலவு மூன்றும் இதில் இருக்கின்றன. நம் வீட்டுப் பெரியவர்களின் கால்வலியும் இருக்கிறது.

ஹோசியரி என்றால் என்ன?

ஹோசியரி என்றதும் நமக்குத் திருப்பூர் பனியனும் ஜட்டியும்தான் ஞாபகம் வரும். ஆனால் 'ஹோஸ்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லுக்குக் காலை மூடும் உறை என்றே பொருள். காலுறை பின்னும் மெஷினின் வழியில்தான் பனியன் துணியும் வந்தது. அதனால் பின்னலாடை முழுவதற்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. திருப்பூரில் 1925ஆம் ஆண்டு வாக்கில் பின்னல் தொழில் தொடங்கியபோது பெயரும் கூடவே வந்து சேர்ந்தது.

தறியில் நெய்த துணிக்கு ஊடு, பாவு என்று நேர் நூல்கள் உண்டு. பின்னல் துணியில் ஒரே நூல் வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டு போகும். இழுத்தால் வளையம் நீளும், விட்டால் சுருங்கும். உடம்போடு ஒட்டி நிற்கும் குணம் அப்படித்தான் வருகிறது.

முதலில் போட்டவன் ஆண்பிள்ளைதான்

இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589ல் காலுறை பின்னும் சட்டத்தை உருவாக்கினார். துணி பின்னும் இயந்திரத்துக்கே அதுதான் ஆரம்பம். அந்தக் காலத்து ஐரோப்பாவில் நீளக் காலுறையைக் காட்டிக்கொண்டு திரிந்தவர்கள் ஆண்கள். பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியை 1701ல் ரிகோ வரைந்த ஓவியத்தைப் பார்த்தால் ராஜா தொடை வரை வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு கம்பீரமாக நிற்பார். பெண்களின் கால்கள் பாவாடைக்குள் மறைந்திருந்தன.

பிறகு காலம் திரும்பியது. 19ஆம் நூற்றாண்டில் ஆண்கள் முழு நீளக் கால்சட்டைக்கு மாறினார்கள். 1920களில் மேல்நாட்டுப் பெண்களின் பாவாடை முழங்கால் வரை ஏறியது. 1940ல் அமெரிக்காவில் நைலான் காலுறை கடைக்கு வந்தது. அதன் பின் நீளக் காலுறை என்றாலே பெண்கள் சாமான் என்று ஆகிவிட்டது. பொருள் மாறவில்லை, அட்டையில் இருக்கும் படம்தான் மாறியது.

இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. 1974ல் அமெரிக்காவில் பியூட்டிமிஸ்ட் என்ற காலுறைக்கு டி.வி. விளம்பரம் வந்தது. காமிரா இரண்டு அழகான கால்களை மெதுவாகக் காட்டிக்கொண்டே மேலே போகும். கடைசியில் பார்த்தால் அது ஜோ நமத் என்ற பிரபல அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்! ஆனால் அவர் வாயாலேயே, நான் இதைப் போடுவதில்லை, என் காலையே இப்படிக் காட்டுகிறதென்றால் உங்கள் காலுக்கு எப்படி இருக்கும் என்று பெண்களைப் பார்த்துச் சொல்ல வைத்தார்கள். ஆண் காலை வைத்து விற்றார்கள், ஆணுக்கு விற்க மட்டும் மனசு வரவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

அழகுக்காகப் போடும் காலுறை எக்கேடோ கெட்டுப் போகட்டும். நான் சொல்ல வருவது அழுத்தக் காலுறை. டாக்டர்கள் கம்ப்ரஷன் ஸ்டாக்கிங் என்பார்கள். நின்று நின்று வேலை செய்பவர்களுக்குக் காலில் ரத்தக் குழாய் புடைத்து, நீலமாக நெளிந்து தெரியும். நம்ம பக்கம் 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்பார்கள். உண்மையில் அது நரம்பு இல்லை, சிரை. வெரிகோஸ் வெயின் என்பது மருத்துவப் பெயர்.

சிரையின் வேலை ரத்தத்தை மேலே இதயத்துக்கு அனுப்புவது. ரத்தம் திரும்பி இறங்காமல் இருக்க உள்ளே சிறு வால்வுகள் உண்டு. நம் பம்பு பாடத்தில் படித்த ஒருவழி வால்வு போலத்தான். நடக்கும்போது கெண்டைக்கால் தசை பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் பம்பு ஓடாது. அப்போது கணுக்காலில் என்ன அழுத்தம் இருக்கும்?

இதயத்திலிருந்து கணுக்கால் வரை உயரம் சுமார் 1.2 மீட்டர் என்று வைப்போம். ரத்தத்தின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1050 கிலோ. புவியீர்ப்பு முடுக்கம் 9.8. மூன்றையும் பெருக்கினால் 12,348 பாஸ்கல். ஒரு மி.மீ. பாதரசம் என்பது 133.3 பாஸ்கல். வகுத்தால் ஏறக்குறைய 93 மி.மீ. பாதரசம். அசையாமல் நிற்பவரின் கணுக்கால் சிரையில் 80 முதல் 90 வரை இருப்பதாக மருத்துவ நூல்களும் சொல்கின்றன. நடந்தால் இது 30 அளவுக்கு இறங்கிவிடும். வருஷக்கணக்கில் நின்றே வேலை செய்தால் சிரை விரிந்து வால்வின் இதழ்கள் ஒன்றோடொன்று சேராமல் போகும். கால் வீங்கும், தோல் கறுக்கும், சிலருக்கு ஆறாத புண்ணாகவும் ஆகும்.

நம்ம டிபார்ட்மென்ட் ஆள் செய்த வேலை

இந்த இடத்தில் மெக்கானிக்கல் மாணவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். இன்றைய அழுத்தக் காலுறையை உருவாக்கிய கான்ராட் ஜோப்ஸ்ட் ஓர் இயந்திரப் பொறியாளர். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தின் டொலிடோ நகரில் வாழ்ந்தவர். அவருக்கே காலில் சிரை நோயும் புண்ணும் இருந்தன. நீச்சல் குளத்தில் இறங்கி நின்றால் வலி குறைவதைக் கவனித்தார். ஏன் குறைகிறது? தண்ணீரின் அழுத்தம் மேலே குறைவு, கீழே போகப்போக அதிகம். ரத்தத்தின் அழுத்தமும் காலில் அதே கணக்கில்தான் கூடுகிறது. வெளியே தண்ணீர், உள்ளே ரத்தம், இரண்டும் ஒன்றை ஒன்று சமன் செய்கின்றன. அதே மாதிரி கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் இருக்கும் காலுறையை வடிவமைத்து, 1950 வாக்கில் தொழிலாகவே தொடங்கினார்.

இதன் சூத்திரம் எளிது. அழுத்தம் = இழுவிசை ÷ ஆரம். (இழுவிசை என்பது துணியின் ஓர் அலகு அகலத்துக்கு.) கணுக்கால் சுற்றளவு 22 செ.மீ., கெண்டைக்கால் 36 செ.மீ. என்றால் ஆரம் முறையே 3.5, 5.7. ஒரே இழுவிசையில் கணுக்காலில் 20 மி.மீ. அழுத்தம் கிடைத்தால் கெண்டைக்காலில் சுமார் 12 மி.மீ. கிடைக்கும். துணியின் பின்னலையும் இடத்துக்கு இடம் மாற்றி இதைத் துல்லியமாக்குகிறார்கள். நைலானோடு ஸ்பாண்டெக்ஸ் என்ற நீளும் இழையைச் சேர்த்துப் பின்னுவார்கள். அதை டூபாண்ட் நிறுவனத்தில் 1958ல் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்தார். அழுத்தம் 15-20, 20-30, 30-40 என்று தரம் பிரித்து விற்கப்படுகிறது.

நண்பர்களே, சூத்திரத்தை இன்னொரு தடவை பாருங்கள். அதில் இழுவிசை இருக்கிறது, ஆரம் இருக்கிறது. ஆண், பெண் என்ற எழுத்து எங்கேயும் இல்லை.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான் முதல். அப்பா மாரியம்மன் கோயில் பக்கத்தில் ஓர் ஓட்டலில் தோசைக்கல் முன்னால் நிற்பவர். பூச்சொரிதல், சித்திரைத் தேர் என்றால் விடிய விடிய நிற்க வேண்டும். இடது காலில் சிரை புடைத்து, சாயங்காலமானால் கால் வீங்கிவிடும். டாக்டர் அழுத்தக் காலுறை எழுதிக் கொடுத்தார்.

மருந்துக் கடையில் சீட்டை நீட்டினேன். "அம்மாவுக்கா தம்பி?" என்றார்கள். அப்பாவுக்கு என்றதும் ஒரு டப்பாவை எடுத்து வைத்தார்கள். அட்டையில் குதிகால் உயர்ந்த செருப்போடு ஒரு பெண்ணின் கால். தோல் நிறத்தில் மீடியம் சைஸ் மட்டும்தான் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனால் அப்பா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொம்பளைங்க சாக்ஸை மாட்டிக்கிட்டு நான் கல்லு முன்னாடி நிக்கவா? மாஸ்டரு பசங்க சிரிப்பானுங்கடா" என்று தள்ளி வைத்துவிட்டார். மூன்று வாரம் அது பரணில் கிடந்தது.

அப்புறம் அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக் காலையில் எழுந்தவுடன் அப்பாவின் காலை அளந்தேன். கணுக்கால் 25, கெண்டை 40. டப்பாவில் இருந்த அட்டவணைப்படி லார்ஜ்தான் வேண்டும். வேறு கடையில் சொல்லி வைத்துக் கறுப்பு நிறத்தில் வாங்கினோம். ஜோப்ஸ்ட் கதையைச் சொன்னேன். "இதைக் கண்டுபிடிச்சவரே ஒரு ஆம்பளை மெக்கானிக்குப்பா, அவரு காலுக்குத்தான் முதல்ல பண்ணாரு" என்றேன். வேட்டிக்குள்ள யாருக்குத் தெரியப் போவுது என்று போட்டுக்கொண்டார். வீக்கம் குறைந்திருக்கிறது.

கம்பெனிகள் ஏன் தயங்குகின்றன?

அப்பாவின் வெட்கத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விற்பவர் பக்கமும் கணக்கு இருக்கிறது.

ஒன்று, சரக்கு. 4 சைஸ், 2 நீளம், 2 நிறம் என்றால் 16 வகை டப்பா. ஆணுக்கென்று தனி அட்டை போட்டால் 32. சின்ன மருந்துக் கடையில் அலமாரி இடமும் முதலும் அதற்குக் காணாது.

இரண்டு, பெயர். பெண்களுக்கான பொருள் என்று பல வருஷம் பணம் செலவழித்து மனசில் பதிய வைத்த பிறகு, அதே பெயரை ஆணுக்கும் நீட்டினால் இரண்டு பக்கமும் போய்விடுமோ என்ற பயம்.

மூன்று, இதுதான் முக்கியம், வட்டமாகச் சுற்றும் தப்பு. ஆண்கள் கேட்பதில்லை, அதனால் விளம்பரம் இல்லை. விளம்பரம் இல்லை, அதனால் ஆண்கள் கேட்பதில்லை. மனைவி பெயரில் வாங்கிப் போகும் ஆண், விற்பனைக் கணக்கில் பெண்ணாகவே பதிவாகிறார்.

ஆண்களுக்கு இந்த நோய் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 18 முதல் 64 வயது வரையுள்ள 1566 பேரைப் பரிசோதித்து, 1999ல் முடிவை வெளியிட்டார்கள். பெரிய சிரைகள் புடைத்திருந்தது ஆண்களில் 40 சதவீதம், பெண்களில் 32 சதவீதம்!

இந்த வட்டத்தை உடைக்க முடியாதா? முடியும். பெண்களின் சிவப்பழகு கிரீமை ஆண்கள் ஒளித்துப் பூசிக்கொண்டிருந்த நாட்டில், 2005ல் இமாமி நிறுவனம் ஆண்களுக்கென்றே ஒன்றைக் கொண்டுவந்து விற்றது. (தோலுக்கு நிறம் பூசும் ஆசை நல்லதா என்பது வேறு கேள்வி.) திருப்பூரின் ராம்ராஜ் நிறுவனம், பேண்ட் போட்டால்தான் மதிப்பு என்றிருந்த காலத்தில் வேட்டிக்கு விளம்பரத்தாலேயே மரியாதை தேடிக் கொடுத்தது. விளையாட்டு மைதானத்தைப் பாருங்கள். அதே நைலான், அதே ஸ்பாண்டெக்ஸ். 'காஃப் ஸ்லீவ்' என்று பெயரை மாற்றினால் நம் பையன்களே பெருமையாக மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். ஆக, தடையாக இருப்பது துணி அல்ல, அட்டைப் படமும் பெயரும்தான். அட்டையில் இரண்டு கால்களையும் அச்சடிக்க, அல்லது படமே இல்லாமல் அளவு அட்டவணையை மட்டும் போட, கூடுதல் செலவு எவ்வளவு ஆகிவிடும்? 32 வகை டப்பாவும் வேண்டாம், 16 போதும்.

காலுறை மட்டும் போதுமா?

போதாது. நோய்க்கு ஒரு பெரிய காரணம் நிற்பதுதான். நம் திருச்சி என்.எஸ்.பி. ரோடு ஜவுளிக் கடைகளில் சேலையை விரித்துக் காட்டும் அக்காக்களும் அண்ணன்களும் நின்றபடிதான் இருப்பார்கள். கேரளத்தில் கடைப் பெண் ஊழியர்கள் போராடியதால் 2018ல் உட்காரும் வசதி சட்டமானது. தமிழ்நாட்டிலும் 2021ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். அது ஆண், பெண் எல்லா ஊழியருக்கும் பொருந்தும்.

கவனிக்க வேண்டியவை

1. டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். தமனி அடைப்பு உள்ளவர்களுக்கு அழுத்தக் காலுறை கெடுதல் செய்யும். சர்க்கரை நோயாளிகளும் கட்டாயம் கேட்க வேண்டும்.
2. காலையில் வீக்கம் இல்லாதபோது கணுக்கால், கெண்டைக்கால், நீளம் மூன்றையும் அளந்து சைஸ் பார்க்கவும்.
3. காலையிலேயே போட்டு, படுக்கும்போது கழற்றிவிடவும். மேல் விளிம்பைச் சுருட்டி மடித்தால் அந்த இடத்தில் கயிறு கட்டியது போல் இறுக்கிவிடும்.
4. ஆறு மாதத்தில் இழுவிசை தளர்ந்துவிடும். மாற்றிவிட வேண்டும்.

முடிவுரை

நண்பர்களே, நம்மில் பலர் இன்னும் இரண்டு வருஷத்தில் ஏதாவது ஒரு ஷாப் ஃப்ளோரில் சூப்பர்வைசராக நிற்போம். சிலர் திருப்பூர் பக்கம் பின்னல் கம்பெனிக்கே போகலாம். மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட இடம் ஒதுக்குங்கள். பேக்கிங் டிசைன் உங்கள் மேஜைக்கு வந்தால் அட்டையில் யார் கால் இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். இந்த வாரம் ஊருக்குப் போகும்போது டேப் ஒன்றை எடுத்துப் போங்கள். நமக்கு ஃபீஸ் கட்ட யார் நிற்கிறார்களோ, அவர்கள் கணுக்காலைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வாருங்கள்.