வயல் முழுக்க ஓக் நட்டால் வான்கோழி தங்குமா?

கேள்வி: பென்சில்வேனியாவில் மலையடிவாரமாகப் பார்த்து 12 ஏக்கர் வாங்கியிருக்கிறோம். மேற்கு எல்லையை ஒட்டிப் பெரிய ஓக் காடு. எங்கள் நிலமோ முன்பு தீவனப்புல் வளர்த்த வெறும் வயல். பனிக்காலத்தில் காட்டு வான்கோழிகள் கூட்டமாக எல்லைவரை வருகின்றன. மே மாதம் பிறந்தால் ஒன்றையும் காணோம். குஞ்சுகளோடு ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வயல் முழுவதும் 300 ஓக் கன்றுகள் நட்டுக் காடாக்கிவிட்டால் அவை இங்கேயே தங்குமா? அதற்கு எத்தனை ஆண்டுகள் பிடிக்கும்?

பதில்: நல்ல கேள்வி. பாதி விடையையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். குஞ்சுகளோடு பார்த்ததில்லை என்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது.

வான்கோழி காட்டுப் பறவை, எனவே காடு கூடினால் வான்கோழியும் கூடும் என்று பலரும் நம்புகிறார்கள். நம்பக் காரணமும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் காடுகள் வெட்டப்பட்டு, வேட்டையும் கட்டுமீறிப் போனதால் இந்தப் பறவை அமெரிக்காவின் பல மாநிலங்களில் அடியோடு இல்லாமல் போனது. பிறகு காடுகள் மீண்டும் தழைத்தன. 1950களிலிருந்து காட்டுப் பறவைகளையே வலைவைத்துப் பிடித்து, அவை அற்றுப்போன இடங்களில் கொண்டுபோய் விட்டார்கள். இன்று நாடு முழுவதும் பல பத்து லட்சம் வான்கோழிகள் உள்ளன. ஆனால் கடந்த இருபது ஆண்டுகளாகக் கிழக்கு மாநிலங்கள் பலவற்றில் எண்ணிக்கை மறுபடியும் இறங்கி வருகிறது. இத்தனைக்கும் காடு அங்கே இருக்கிறது. ஒரு தாய்க்கோழி வளர்த்து ஆளாக்கும் குஞ்சுகள்தான் குறைந்துவிட்டன. இதற்குப் பல காரணங்களைச் சொல்கிறார்கள். அவற்றில் உங்களைப் போன்ற நில உரிமையாளர் கையில் இருப்பது ஒன்று: குஞ்சு வளர இடம்.

இந்தப் பறவை மரத்தில் உறங்கும், ஆனால் தரையில்தான் முட்டையிடும். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் புதரடியிலோ விழுந்த கிளையின் மறைவிலோ சருகை ஒதுக்கி, ஒரு ஈட்டுக்கு 10, 12 முட்டைகள் இட்டு 28 நாள் அடைகாக்கும். ரக்கூன், ஸ்கங்க், காக்கை, பாம்பு என்று முட்டைக்கு எதிரிகள் பலர். பாதிக்கு மேற்பட்ட கூடுகள் பொரிக்காமலே போவது சாதாரணம். தப்பியவை மே இறுதியிலும் ஜூனிலும் பொரிக்கும். பொரித்த மறுநாளே குஞ்சுகள் தாயின் பின்னால் நடக்கத் தொடங்கிவிடும். ஆனால் மரமேற இரண்டு வாரமாகும். அதுவரை இரவெல்லாம் தரையில் தாயின் இறக்கைக்குள்தான். மிகுதியான சாவு இந்த இரண்டு வாரத்தில்தான்.

இந்த நாட்களில் குஞ்சுக்கு ஓக் கொட்டையால் பயனில்லை. அது தேடுவது பூச்சிகளை: வண்டு, வெட்டுக்கிளி, புழு. உடம்பு வேகமாக வளரவும் இறகு முளைக்கவும் அந்தப் புரதம் வேண்டும். அடர்ந்த காட்டின் நிழல் தரையில் பூச்சி குறைவு. வெயில் விழுந்து, அகன்ற இலைச் செடிகள் வளரும் இடத்தில்தான் பூச்சி மண்டும். வனவிலங்குத் துறையினர் இதைக் குஞ்சு வளர்ப்பிடம் என்பார்கள். மேலே செடி மூடியிருக்க வேண்டும், கீழே குஞ்சு ஓடத் தரை திறந்திருக்க வேண்டும், தாய் தலைதூக்கினால் நாற்புறமும் தெரிய வேண்டும். முழங்கால் உயரச் செடிகள் இருந்தால் இந்த மூன்றும் அமையும்.

பச்சைப் பசேல் என்று இருக்கும் உங்கள் வயல் ஏன் போதவில்லை என்று கேட்பீர்கள். ஜூன் தொடக்கத்தில் வயலில் மண்டியிட்டு, கண்ணைத் தரையிலிருந்து நாலு விரல் உயரத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். பழைய தீவன வயல்கள் பலவற்றில் இருப்பது டால் ஃபெஸ்க்யூ என்ற புல். வேரடியில் பாய் விரித்தாற்போல் நெருங்கிக் கிடக்கும். கைப்பிடி அளவுக் குஞ்சு அதற்குள் நுழைந்தால் நடக்கவே முடியாது. காலைப் பனி இறகை நனைத்தால் குளிரில் விறைத்துப் போகும். உங்கள் வேலை இந்தப் புல்லை ஒழிப்பதில் தொடங்குகிறது. இலையுதிர் காலத்தில் களைக்கொல்லியால் கொன்று, பனி விலகும் முன் பட்டை பட்டையாக மண்ணைக் கிளறிவிட்டால், புதைந்து கிடக்கும் உள்ளூர்ச் செடிகளின் விதைகள் தாமே முளைக்கும். பிறகு ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மட்டும் வெட்டுங்கள். ஏப்ரல் முதல் ஜூலை முடியும்வரை வெட்டும் எந்திரத்தை வெளியே எடுக்காதீர்கள். அடைக்கோழி எந்திரச் சத்தம் மிக நெருங்கும்வரை எழாமல் படுத்திருக்கும்.

இனி மரங்களுக்கு வருவோம். ஓக் கொட்டை வான்கோழியின் குளிர்கால உணவுகளில் முக்கியமானது. முழுதாக விழுங்கி, அரைவைப்பையில் (தீனியை அரைக்கும் தசைப் பை) பொடியாக்கிவிடும். ஆனால் இன்று நடும் வெள்ளை ஓக் ஓரளவு காய்க்கவே 20 ஆண்டுகளுக்கு மேலாகும். பக்கத்திலேயே ஓக் காடு இருக்கும்போது 300 கன்று எதற்கு? எல்லையோரம் உங்கள் பக்கத்தில் வளர்ந்த ஓக் நின்றால், அதன் கிளைகளை நெருக்கும் வேறு மரங்களை அகற்றுங்கள். வெளிச்சம் கிடைத்த மரம் சில ஆண்டுகளில் கூடுதலாகக் காய்க்கும். புதிதாக நடுவதானால் வெள்ளை ஓக், சிவப்பு ஓக் இரண்டையும் கலந்து நடுங்கள். வெள்ளை ஓக்கின் பூ அதே ஆண்டு கொட்டையாகும். சிவப்பு ஓக்குக்கு அடுத்த ஆண்டு இலையுதிர் காலம்வரை ஆகும். வசந்தத்தில் பின்பனி விழுந்து பூவெல்லாம் கருகினாலும், ஒரே ஆண்டில் இரண்டும் பொய்க்காது. முன்பு இந்தக் கவலையே இருந்ததில்லை. பனிக்காலம் முழுவதும் முடிந்தபின் பூக்கும் அமெரிக்கச் செஸ்ட்நட் மரங்கள் இந்த மலைகளை நிறைத்திருந்தன. 1904ல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட பூஞ்சைக் கருகல் நோய், அரை நூற்றாண்டுக்குள் நூற்றுக்கணக்கான கோடி மரங்களைக் கொன்றுவிட்டது. அந்த இழப்பை ஓக்கால் முழுதாக ஈடுசெய்ய முடியவில்லை.

உங்கள் நிலத்தில் உண்மையாகவே இல்லாதது புதர். காடு சுவர் போல் நிற்க, அடுத்த அடியில் வயல் தொடங்குகிறது. இரண்டுக்கும் இடையே 30 முதல் 50 அடி அகலத்தில் புதர்ப் பட்டை வேண்டும். காட்டு ஆப்பிள், ஹாதார்ன், டாக்வுட், சூமாக், பிளாக்பெர்ரி இவற்றைக் கொத்துக் கொத்தாக, 6 முதல் 8 அடி இடைவெளியில் நடுங்கள். கூடு மறைக்க இடமாகும். காட்டு ஆப்பிளும் சூமாக்கும் பழத்தைப் பனிக்காலத்திலும் கிளையில் வைத்திருப்பவை. ஒரு அடிக்கு மேல் மென்பனி கொட்டித் தரையைக் கிளற முடியாத வாரங்களில் அதுதான் சோறு. ஊற்றுநீர் கசியும் இடம் இருந்தால் அதையும் சுற்றிப் புதர் நட்டுக் காத்துக்கொள்ளுங்கள். அங்கே பனி உருகி மண் தெரியும். வடமேற்கு மூலையில் பத்துப் பதினைந்து வெள்ளை பைன் நட்டால் பின்னாளில் காற்று மறைப்பாகும். வயலின் நடுவில் மட்டும் தனிமரம் வேண்டாம். பருந்து உட்காரும்.

ஆட்டம் ஆலிவ், மல்டிஃப்ளோரா ரோஸ் என்ற புதர்கள் இரண்டையும் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஒருகாலத்தில் அரசுத் துறைகளே வனவிலங்குக்கு நல்லது என்று நடச் சொன்னவைதான் இவை. இன்று வயல்களை விழுங்கும் களைகளாகிவிட்டன. எந்தக் கன்றுக்கும் மான்தான் முதல் எதிரி. ஓக்குக்கு ஐந்தடி பிளாஸ்டிக் குழாயும் புதர்களுக்குக் கம்பிவலையும் இல்லாமல் நடுவது வீண்செலவு.

தங்குமா என்று கேட்டீர்கள். ஒரு கூட்டம் ஆண்டு முழுவதும் பல நூறு ஏக்கர் சுற்றும். 12 ஏக்கரில் அது குடியிருக்காது. சுற்றுவட்டாரத்தில் காடு நிறைய இருந்து, குஞ்சு மேய இடம் இல்லையென்றால், அந்த ஒன்றை நீங்கள் கொடுத்தால் தாய்க்கோழி ஜூனில் தேடி வரும். ஆகவே 300 ஓக்கை 30 ஆகக் குறைத்து மேற்கு எல்லையில் நடுங்கள். மிச்சப் பணத்தைப் புதருக்கும் கம்பிவலைக்கும் செலவிடுங்கள். நடுவில் எட்டு ஏக்கராவது வெட்டவெளியாக இருக்கட்டும். புதர்கள் காய்க்க மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். ஃபெஸ்க்யூவை இந்த இலையுதிர் காலத்திலேயே ஒழித்தால், குஞ்சு வளர்ப்பிடம் வரும் ஜூனுக்கே தயாராகிவிடும்.