ஊர்க் குளத்துக்கும் ஓர் ஏடு

நம் சங்கத்தில் நாள்வழிப் புத்தகம் உண்டு, பேரேடு உண்டு, சரக்கிருப்புப் பதிவேடும் உண்டு. ஆண்டுதோறும் தணிக்கை நடைபெறுகிறது. நூலிருப்பில் ஒரு சிப்பம் குறைந்தாலும் காரணம் கேட்கப்படுகிறது. பலருக்கும் பொதுவான உடைமை என்பதனாலேயே இக்கண்டிப்பு. அங்ஙனமாயின், ஊரார் அனைவருக்கும் பொதுவான குளத்துக்குக் கணக்கு வைத்திருப்பவர் யார்? கரையில் நிற்கும் மரங்கள் எத்தனை, சென்ற ஆண்டு வந்த பறவைகள் எத்தனை, இவ்வாண்டு வந்தவை எத்தனை என்று வினவினால், விடை கூறத்தக்கவர் நம்மில் மிகச் சிலரே. இக்குறையைப் பள்ளி மாணவரின் துணைகொண்டு போக்கும் வழியொன்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. விழாவும் அதற்குப் பின்னும்

1950ஆம் ஆண்டில் மத்திய உணவு, வேளாண்மை அமைச்சராயிருந்த கே. எம். முன்ஷி வனமகோத்சவத்தைத் தொடங்கி வைத்தார். 1972இல் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாட்டின் பயனாக, 1973 முதல் ஜூன் 5ஆம் நாள் உலகச் சுற்றுச்சூழல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இவ்விழாக்களால் மரம் நடும் பழக்கம் பள்ளிகளில் பரவியது நன்றே. ஆயினும், நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்று மறு ஆண்டு எண்ணிப் பாராவிடில், விழா அந்த ஒரு நாளோடு முடிந்துவிடும். வரவு மட்டும் எழுதி இருப்பைப் பாராத கணக்கு கணக்காகாது.

2. வேடந்தாங்கல் புகட்டும் பாடம்

பறவைகளுக்கும் பயிருக்கும் உள்ள உறவை நம் முன்னோர் அறிந்திருந்தனர். செங்கற்பட்டுச் சீமையிலுள்ள வேடந்தாங்கலில், ஏரி மரங்களில் கூடு கட்டும் நாரைகளும் நீர்க்காகங்களும் இடும் எச்சம் நீரிற் கலக்கிறது. அந்நீர் பாயும் வயல்களுக்கு அதுவே உரமாகிறது. ஆதலின், ஆங்கிலச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டரிடம் எழுத்து மூலம் பெற்றனர். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டியினர், பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. இவ்விரு நீர்நிலைகளுள் வேடந்தாங்கல் 2022இல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு வெகு காலம் முன்பே அவற்றைக் காத்தவர்கள் அவ்வூர்க் குடியானவர்களே.

3. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலையொட்டிய நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. இதிற் சேர எவரிடமும் அனுமதி பெறவேண்டுவதில்லை, கட்டணமும் இல்லை. வயல், குளக்கரை, பள்ளித் தோட்டம், வீட்டு முற்றம் என ஏதேனும் ஓரிடத்தில் 15 நிமிடங்களுக்குக் குறையாமல் நின்று, கண்ட பறவைகளை வகைவாரியாக எண்ணி, இணையத்திலுள்ள இ-பேர்ட் என்னும் பொதுப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும்.

எண்ணும் முறை பின்வருமாறு:

(அ) இடம், நாள், தொடங்கிய நேரம், முடித்த நேரம் ஆகியவற்றை முதலில் எழுதுக.

(ஆ) அரிய பறவைகளை மட்டுமன்றிக் காகம், மைனா, சிட்டுக்குருவி அனைத்தையும் எழுதுக. எளியதென்று விட்டது பின்னாளில் அரிதாகக் கூடும்.

(இ) ‘பல’ என்று எழுதற்க; எண்ணிக்கை தருக. பெருங்கூட்டமாயின் பத்துப் பறவைகளை எண்ணி, அவை நிற்கும் பரப்பைக் கண்ணால் அளந்து, கூட்டம் அதைப்போல் எத்தனை மடங்கு எனக் கண்டு பெருக்குக.

(ஈ) இன்னதென்று தெளியாத பறவைக்கு ஊகத்தாற் பெயரிடற்க. அடையாளங்களை மட்டும் குறித்து வைக்க.

(உ) கூட்டை நெருங்குதலும் கல்லெறிந்து பறவைகளைக் கிளப்புதலும் கூடா.

குளத்தின் நீர்மட்டத்தையும் உடன் குறித்தல் நலம். மழை பொய்த்த ஆண்டில் பறவைகள் குறைதல் இயல்பு. ஓராண்டுக் கணக்கைக் கொண்டு முடிவு கட்டலாகாது. பல ஆண்டுக் கணக்கே உண்மையைக் காட்டும்.

4. விளைவிப்போர்க்கும் நெசவாளர்க்கும் பயன்

உண்ணிக்கொக்கு வெட்டுக்கிளியைத் தின்கிறது. நத்தைகுத்தி நாரை நத்தையைத் தின்கிறது. கூகை வயலெலியைப் பிடிக்கிறது. கரிச்சான் அமர்ந்து புழுக்களைப் பிடிப்பதற்காகவே வயலில் பறவைத் தாங்கிகள் நடுகிறோம். கூலி கேளாத இவ்வேலையாட்களின் வருகைப் பதிவு உழவர்க்குப் பயன்படாதிருக்குமோ?

நெசவாளர்க்கும் இதிற் பங்குண்டு. நொய்யலாற்றில் பாசனத்துக்கென 1992இல் அமைந்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ப் பகுதிச் சாயக்கழிவு தேங்கி, நீர் பயிருக்கு உதவாமற் போயிற்று. 2011இல் உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, துன்பம் அத்தொழிலை நம்பியவர்களையும் வந்தடைந்தது. நீர் கெட்டால் உழவும் நெசவும் ஒருங்கே கெடும். நீர் கெடுவதைக் காலத்தில் அறிய, ஆண்டுதோறும் எழுதப்பட்ட ஏடு ஒரு துணையாகும்.

5. சங்கம் செய்யத்தக்கவை

ஒரு பதிவேடும் பறவைப் படங்கள் கொண்ட கையேடும் வாங்கிப் பள்ளிக்கு அளிக்கலாம். துணைவிதிகள் இடந்தரின் இரண்டொரு தொலைநோக்கிகளும் வாங்கலாம். பறவைகளின் ஊர்ப்பெயர் அறிந்த முதிய உறுப்பினர் ஒருவர் மாணவருடன் கரைக்குச் செல்லுதல் இன்னும் மேலானது. கணக்கை ஆண்டுப் பேரவையில் ஒரு மாணவரே எழுந்து படிக்கட்டும். வரவு செலவு கேட்கும் அதே கருத்துடன் நாம் அதனையும் கேட்போமாயின், குளம் தமக்கும் உரியது என்பதை அப்பிள்ளைகள் உணர்வர்.

படிப்பு வட்டத்தில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. நம் குளத்துக்கு முன்பு வந்து, இப்போது வாராத பறவைகள் யாவை?

2. சென்ற ஆண்டு நட்ட கன்றுகளில் இன்று உயிருடன் இருப்பவை எத்தனை?

3. நம் தறிகளுக்கான நூலைச் சாயமிட்ட நீர் எங்கே செல்கிறது?

4. வரும் பொங்கலில் கரைக்குச் செல்ல முன்வருவோர் யாவர்?