கார்டன் ரீச் மாடிக்குச் சீக்கிரத் தக்காளி

தங்கச்சி, ரயில்வே குவார்ட்டர்ஸில் பால் காய்ச்சியாச்சு, மொட்டைமாடிச் சாவியும் கைக்கு வந்தாச்சு. அடுத்து தக்காளிதானே? விதை வாங்கக் கிளம்புமுன் இதைக் கேட்டுக்கொள்.

தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்க இரவு குளிர்ந்திருக்க வேண்டும். 15 முதல் 20 டிகிரி இருந்தால் அருமை. கொல்கத்தா கார்டன் ரீச்சில் துர்கா பூஜை வரை மழையும் புழுக்கமும்தான். நவம்பரில்தான் இரவு சற்றுக் குளிரும். மார்ச் பிறந்ததும் மறுபடி சூடேறி, பூவெல்லாம் பிஞ்சு வைக்காமலே உதிரும். இந்த நாலு மாதத்துக்குள் பூத்து, காய்த்து, பழுக்கிற ரகம்தான் உனக்கு வேண்டும்.

என் ஓட்டு பூசா ரூபிக்கு. டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பழைய ரகம். நாற்று நட்ட 60–65 நாளில் பறிக்கலாம். பழம் தட்டையாக, கொஞ்சம் புளிப்பாக இருக்கும். ரசத்துக்கு அந்தப் புளிப்புதான் வேண்டும். நீண்டு வளரும், கம்பு ஊன்றிக் கட்டு. இடம் குறைவு என்றால் பூசா எர்லி டுவார்ஃப், குட்டைச் செடி. ஊரிலிருந்து அம்மா பெரியகுளத்து பி.கே.எம்.1 விதை அனுப்பினால் அதையும் ஒரு தொட்டியில் போடு. ரூபி ஓய்கிற நேரத்துக்கு அது கைகொடுக்கும்.

ஆன்லைனில் வரும் குளிர்நாட்டுச் சீக்கிர ரகங்களுக்கு ஆசைப்படாதே. அவை அங்கத்துக் குட்டிக் கோடைக்காக உருவானவை. பாக்கெட்டில் போட்டிருக்கும் நாள் கணக்கும் பெரும்பாலும் நாற்று நட்டதிலிருந்துதான். நாற்றுக்கு 25–30 நாள் தனி. அதனால் செப்டம்பர் நடுவிலேயே மழை படாத ஜன்னலோரம் விதைத்துவிடு. பூஜை முடிந்து நட்டால் கிறிஸ்துமஸ் சமயத்தில் பழம். நவம்பர் கடைசியில் விதைத்தால், எவ்வளவு சீக்கிர ரகமானாலும் பாதிக் காய் வெயிலில் மாட்டும்.

வங்காள மண்ணில் வாடல் நோய் அதிகம். நேற்று வரை செழித்த செடி, இலை மஞ்சளாகாமலே ஒரே நாளில் துவண்டு விழும். தக்காளி, கத்திரி, மிளகாய் வைத்த பழைய மண்ணை மறுபடி தொட்டிக்குப் போடாதே. நாற்று அகப்படாவிட்டால் அலிப்பூரில், 1820-ல் வில்லியம் கேரி தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தில் விசாரித்துப் பார். உரத்துக்குக் கடுகுப் பிண்ணாக்கு போதும். கடையில் ‘ஷொர்ஷேர் கோல்’ என்று கேள். மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து, வாரம் ஒருமுறை ஊற்று. நாற்றம் அடிக்கும், மூடி வை.

பூத்ததும் காலை வெயில் ஏறியபின் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டு. மஞ்சள் தூள் சிந்தும். மாடியில் வண்டு வரத்துக் குறைவு, இந்தச் சுண்டல்தான் பிஞ்சு பிடிக்க வைக்கும். ஜனவரி மூடுபனியில் இலை நனைய விடாதே, கருகல் வரும். தண்ணீரை வேரில் மட்டும் விடு.

பிப்ரவரி கடைசியில், காயின் அடியில் இளஞ்சிவப்பு தட்டியதுமே பறித்துவிடு. 30 டிகிரிக்கு மேல் செடியிலேயே விட்டால் சரியாகச் சிவக்காது, மஞ்சளோடு நின்றுவிடும். சமையலறை நிழலில் கூடையில் பரப்பினால் நாலைந்து நாளில் பழுக்கும், ஃப்ரிட்ஜில் வைக்காதே. முதலில் பழுத்த நல்ல ரூபிப் பழம் ஒன்றை மட்டும் சமைக்காமல் விதை எடுத்து, கழுவி, நிழலில் உலர்த்தி வை. அது ஒட்டுரகம் இல்லை, அடுத்த செப்டம்பருக்கு அதே விதை போதும்.