கம்பளியும் நிலைமின்சாரமும்

எண்ணெய் தடவாத கூந்தலை வாரிய சீப்பு, காகிதத் துணுக்குகளை இழுப்பதை நாம் கண்டிருக்கிறோம். இதற்குக் காரணம் நிலைமின்சாரம். நமக்கு இது வேடிக்கை. குளிர்நாடுகளிலோ, பனிக்காலத்தில் கம்பளி மேலாடையைக் கழற்றும்போது சடசடவென ஓசை எழும். இருட்டில் சிறு பொறிகளும் தெரியும்.

இது ஏன் நிகழ்கிறது? கம்பளியும் பாலியெஸ்டரும் உராயும்போது கம்பளி எலக்ட்ரான்களை இழந்து நேர் மின்னூட்டம் பெறுகிறது. பாலியெஸ்டர் எதிர் மின்னூட்டம் பெறுகிறது. கம்பளி காற்றிலுள்ள ஈரத்தை நன்கு உறிஞ்சும். அந்த ஈரத்தின் வழியே மின்னூட்டம் கசிந்துவிடும். காற்று உலர்ந்துவிட்டால் அவ்வழி அடைபட்டு, மின்னூட்டம் தேங்குகிறது.

இதனால் நூற்பாலையில் இழைகள் ஒன்றையொன்று விலக்கிப் பறக்கும், இயந்திரங்களில் ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்திலோ ஒரு சிறு பொறியே பெருந்தீயாகி உயிரைப் பறிக்கலாம்.

உராய்வை முற்றிலும் தவிர்க்க முடியாது. எனவே மின்னூட்டம் வெளியேற வழி செய்ய வேண்டும். ஆலைகளில் காற்றை ஈரப்படுத்துகிறார்கள். ஆனால் உடுத்துபவர் செல்லுமிடமெல்லாம் ஈரக்காற்று உடன் வருமா? ஆகவே துணியிலேயே வழி அமைய வேண்டும்.

பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்றே நாம் படித்திருக்கிறோம். பிளாஸ்டிக் எல்லாம் பாலிமர் வகையைச் சேர்ந்தது. ஆனால் 1977-இல் ஷிராகாவா, மக்டயார்மிட், ஹீகர் ஆகியோர், அயோடின் சேர்த்த பாலிஅசெட்டிலீன் என்னும் பாலிமர் மின்சாரத்தை நன்கு கடத்தும் என்று காட்டினர். இத்துறைப் பணிக்காக 2000-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இம்மூவருக்கும் வழங்கப்பட்டது.

பாலிபிரோல் இவ்வினத்தைச் சேர்ந்தது. கம்பளியைப் பிரோல் கரைசலில் நனைத்து, பெர்ரிக் குளோரைடு சேர்த்தால், இழைகளின்மேல் மெல்லிய கறுப்புப் படலம் வளர்கிறது. அது செப்புக் கம்பிபோல் கடத்த வேண்டியதில்லை. மின்னூட்டம் மெல்லக் கசிந்தாலே போதும். ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தில் கம்பளியின்மீது இவ்வாய்வுகள் நடைபெற்றுள்ளன.

குறைகளும் உண்டு. கறுப்புப் பூச்சு வெளிர்நிறத் துணிக்கு ஏற்றதன்று. இழையின் மேலுள்ள செதில்களும் கொழுப்புப் படலமும் பூச்சை உறுதியாகப் பற்றவிடுவதில்லை. சலவைக் காரத்தாலும் நாள்பட்ட காற்றாலும் கடத்தும் திறன் குறைகிறது. மேலும், ஆபத்தான இடங்களில் பணிபுரிபவருக்குத் தரையுடன் மின்தொடர்பும் இருக்க வேண்டும். இல்லையேல் மின்னூட்டம் அவர் உடலிலேயே தங்கிவிடும்.

துவைத்தாலும் திறன் குறையாத, நிறமற்ற பூச்சு ஒன்று எளிய விலையில் கிடைத்தால் எத்தனை பேருக்குப் பாதுகாப்பாகும்! அதைக் காண்பவள் நம் வகுப்பறை ஒன்றில் இன்று வேதியியல் படித்துக்கொண்டிருக்கலாம் அல்லவா?