படர்தாமரை ஏன் திரும்பத் திரும்ப வருது?

படர்தாமரை வந்தால் வெளியே சொல்ல வெட்கப்படுகிறோம். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுதுகிறேன்.

போன வெயில் காலத்தில் என் இடுப்பில் காசு அளவு வட்டமாக வந்தது. ஒரே அரிப்பு. மெடிக்கலில் கேட்டு ஒரு டியூப் வாங்கிப் போட்டேன். மூணே நாளில் அரிப்பு நின்னுடுச்சு. சரியாப் போச்சுன்னு விட்டுட்டேன். பிறகு அது கையகலத்துக்குப் படர்ந்தது. அதே துண்டில் துடைத்த தங்கச்சிக்கும் வந்தது.

படர்தாமரை ஒரு பூஞ்சை. நம் தோலில் உள்ள கெரட்டின் என்ற புரதம்தான் அதற்கு உணவு. வியர்வை தங்கும் இடத்தில் நன்றாக வளரும். தறிக்குழியில் காலை விட்டு நாள் முழுக்க நெய்பவர்களுக்கு இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வியர்வை காயாது.

மருந்து எப்படி வேலை செய்கிறது?

பூஞ்சையின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டிரால் என்ற பொருள் தேவை. அதைத் தயாரிக்க உதவும் ஒரு நொதியை டெர்பினாஃபின் மருந்து தடுக்கிறது. ஆனால் சில பூஞ்சைகளில் ஜீன் மாறி, அந்த நொதியின் வடிவமும் மாறிவிட்டது. பூட்டு மாறினால் பழைய சாவி நுழையுமா? அதுபோல மருந்து அதில் பொருந்துவதில்லை.

இப்படிப்பட்ட ஒரு பூஞ்சை நம் இந்தியாவில் நிறையப் பரவியிருக்கிறது. 2020-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் அதற்கு 'ட்ரைக்கோபைட்டான் இண்டோடினியே' என்று பெயர் வைத்தார்கள். 2023-ல் அமெரிக்காவின் நியூயார்க்கிலும் இரண்டு பேருக்கு இருப்பதாகச் செய்தி வந்தது.

நாம் செய்யும் தப்பு என்ன?

1. ஸ்டீராய்டு கலந்த களிம்பு போடுவது. அது அரிப்பையும் சிவப்பையும் அடக்கும், பூஞ்சையைக் கொல்லாது. உள்ளுக்குள் அது படர்ந்துகொண்டே இருக்கும்.

2. பாதியில் நிறுத்துவது. களையை மேலே மட்டும் வெட்டினால் வேர் மறுபடி துளிர்க்குமே, அப்படித்தான். மருந்துக்குத் தப்பிப் பிழைத்த பூஞ்சைதான் அடுத்துப் பெருகும்.

என்ன செய்யணும்?

- ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரிடம் காட்டணும்.
- அவர் சொன்ன நாள் வரை மருந்தை விடக்கூடாது.
- துண்டு, சீப்பு, துணி ஆளுக்குத் தனித்தனி. துவைத்து நல்ல வெயிலில் காயவைக்கணும்.
- வீட்டில் யாருக்கு இருந்தாலும் எல்லோரும் ஒன்றாக வைத்தியம் பார்க்கணும்.

எனக்கும் தங்கச்சிக்கும் டாக்டர் சேர்த்தே மருந்து கொடுத்தார். முழுசாப் போக இரண்டு மாதம் ஆச்சு. மூணு நாளில் போவது அரிப்பு மட்டும்தான், நோய் இல்லை. வெட்கப்பட்டு மறைக்காதீங்க, அம்மாகிட்டயோ டீச்சர்கிட்டயோ சொல்லுங்க!