மண் பாதைக்கு வா, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரம்பூரில் எந்தத் தெருவில் ஓடினாலும் ஹாரன், மேம்பாலம், பிரியாணிக் கடைப் புகை என்று எழுதியிருந்தாய். ஓடி முடித்து வந்தாலும் ஆபீஸ் பேச்சு மண்டைக்குள் ஓயவில்லை என்கிறாய். மலையில் ஓடுகிறவர்களின் வீடியோவைப் பார்த்துவிட்டு, ஏழாயிரம் ரூபாய் ஷூ வாங்கலாமா என்றும் கேட்கிறாய். ஷூ இருக்கட்டும், அவசரமில்லை.

உன் தொல்லைக்குக் காரணம் சத்தம் என்று நான் நினைக்கவில்லை. தார் ரோட்டில் கால் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். காலுக்கு யோசனை தேவையில்லாதபோது மனசு சும்மா இருக்குமா? மேனேஜர் சொன்னதை எடுத்துவைத்துக்கொண்டு மறுபடி மறுபடி மென்றுகொண்டிருக்கும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டால் அது கொஞ்சம் மறையும், அவ்வளவுதான்.

மண் பாதையில் அது நடக்காது. பூண்டியைத் தாண்டி, குடியம் குகை இருக்கும் குன்றுப் பக்கம் ஒருமுறை போய்ப் பார். மண்ணில் பாதி கூழாங்கல்லாகவே இருக்கும். உருண்டைக் கல்லின் நடுவே மிதித்தால் உருட்டிவிடும். இரண்டு கல்லுக்கு நடுவில் கால் போனால் கணுக்கால் பிசகும். காலடியைப் பார்த்து மிதிக்க நினைத்தால் அதற்குள் நேரம் கடந்திருக்கும். கண் மூன்று எட்டு முன்னால் போக வேண்டும், கால் அதை நம்பி வர வேண்டும். இதற்கு நடுவில் மேனேஜருக்கு இடம் ஏது? சமதளம் வந்து மூச்சு அடங்கும்போதுதான், இவ்வளவு நேரம் ஒன்றையும் நினைக்கவில்லை என்பதே தெரியும். அதன் பிறகு வரும் யோசனை வேறு மாதிரி இருக்கும். அவசரம் இருக்காது.

அந்தக் கற்களும் லேசுப்பட்டவை அல்ல. குடியத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அத்திரம்பாக்கத்தில் 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கைக்கோடரிகளைக் கண்டெடுத்தார். தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அங்கே பல ஆண்டுகள் தோண்டி, அந்தக் கருவிகளுக்குச் சுமார் பதினைந்து லட்சம் வருஷ வயது என்று 2011இல் அறிவித்தது. உன் கால் தடுக்குகிற அதே ஜாதிக் கல்லைத்தான் ஆதி மனிதர்கள் உடைத்துச் செதுக்கியிருக்கிறார்கள். பூண்டியில் தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டுப் போ. குகைக்குப் போகும் காட்டு வழி வனத்துறையுடையது. 2024இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் நாற்பது பாதைகளில் அதுவும் ஒன்று. முன்பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் போக வேண்டும். அந்தக் காட்டு வழியில் நடை மட்டும்தான், ஓட்டம் வேண்டாம். அனுமதியில்லாமல் நுழையலாம் என்று எவராவது கூப்பிட்டால் போகாதே. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் உயிரை விட்டவர்களில் பலர் உன் வயசுப் பிள்ளைகள்தான்.

வாராவாரம் அவ்வளவு தூரம் போக முடியாது. பெரம்பூரிலேயே மின்சார ரயில் ஏறினால் திருவள்ளூர் வரை உட்கார்ந்தே போகலாம் என்றாலும், அங்கிருந்து பூண்டிக்கு பஸ் பிடிக்க வேண்டும், பாதி நாள் போய்விடும். சாதாரண ஞாயிறுக்கு சோழவரம் போதும். செங்குன்றம் தாண்டிவிட்டால் வயல் வரப்பும் வண்டிப் பாதையும் உண்டு. (உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் அங்கே கார் ரேஸ் நடந்த காலமும் உண்டு. அது இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது.) போகிற வழியில் இருக்கும் புழல் ஏரி நம் குடிதண்ணீர், தடுத்து வைத்திருக்கும் கேட்டை ஏறிக் குதித்து ஓடுவது வீரமல்ல. வரப்பில் புல்லுக்கட்டோடு ஒரு அம்மா எதிரே வந்தால் நீதான் வயலில் இறங்கி நின்று வழி விட வேண்டும். அவர்கள் வேலைக்கு வந்திருக்கிறார்கள், நாம் ஓட வந்திருக்கிறோம்.

கடலோரமாக எண்ணூர் போகலாமே என்று கேட்பாய். பூண்டியில் பார்க்கிற அதே கொசஸ்தலையாறுதான் எண்ணூரில் கடலில் சேர்கிறது. அங்கே அனல்மின் நிலையச் சாம்பல் முகத்துவாரத்தில் படிந்து கிடக்கிறது; 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வேறு கலந்து மீனவர்களின் வலையையும் படகையும் கெடுத்தது. போய்ப் பார், ஆனால் நடந்து பார். சாம்பல் பறக்கும் காற்றை மூச்சிரைக்க உள்ளே இழுக்காதே. மணலிப் பக்கம் கேஸ் நாற்றம் அடிக்கிற நாளிலும் அப்படித்தான்.

பெண் பிள்ளை தனியாகப் போகாதே என்று உன் அம்மா சொல்வாள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். முதல் சில வாரம் ஒரு துணையோடு போ என்பேன். ஆளோடு போனாலும் பேசிக்கொண்டே ஓட வேண்டியதில்லை. காதில் ஒன்றும் மாட்டாதே, நாய் வருவது கேட்க வேண்டும். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நில், பெரும்பாலும் அதுவும் நின்றுவிடும். கை வாட்சில் கிலோமீட்டர் பார்க்காதே. மண்ணில் உன் வேகம் குறையத்தான் செய்யும், அதைப் பார்த்து அடுத்த கவலையைத் தொடங்கிவிடுவாய். வேலிக்காத்தான் முள் ஷூவின் அடியைத் துளைத்துக்கொண்டு ஏறும், ஒரு ஊசி வைத்துக்கொள். சித்திரை, வைகாசியில் ஏழு மணிக்குள் முடித்துவிடு.

வரும் ஞாயிறு எனக்கு வேலையில்லை. பழைய ஷூவே போதும்; செங்குன்றம் பஸ் ஸ்டாண்டில் ஐந்தரைக்கு நிற்கிறேன். ஓட என்னால் ஆகாது, உன் பையையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
பெரியப்பா